நாசரேத் பக்கம் ஒரு பழைய வயலின், 22 ஆயிரம் சொல்கிறார்கள். என்ன பார்த்து வாங்க வேண்டும்?

அம்பை அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். மகள் எட்டாம் வகுப்பு. கர்நாடக வயலின் கற்றுக்கொள்கிறாள். இதுவரை முக்கால் சைஸ் சீன வயலின்தான் வைத்திருந்தாள். வர்ணம் தொடங்கியாயிற்று, கையும் நீண்டுவிட்டது, இனி முழு சைஸ் வாங்குங்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

புதிது விசாரித்துக்கொண்டிருந்தபோது, ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவர் நாசரேத் பக்கம் ஒரு வீட்டைச் சொன்னார். அந்த வீட்டுத் தாத்தா சர்ச் கொயரில் காலமெல்லாம் வயலின் வாசித்தவராம். அவர் காலமான பிறகு பெட்டியோடு அலமாரி மேலேயே கிடக்கிறது. போட்டோ அனுப்பினார்கள். தேன் நிறம், நாடி வைக்கிற இடத்தில் மட்டும் வெளுத்திருக்கிறது. உள்ளே ஒரு சீட்டு: 'அன்டோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ், கிரெமோனென்சிஸ், 1721'. மகன் போனில், "இதெல்லாம் லட்சக்கணக்கில் போகிற சாமான் சார், படிக்கிற பிள்ளைக்கு என்பதால் 22-க்குத் தருகிறோம்" என்கிறார்.

எனக்கு வாசிக்கத் தெரியாது. சுருதி சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று மட்டும் ஓரளவு சொல்வேன். டீச்சர் அவ்வளவு தூரம் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போய்ப் பார்க்கப் போகிறேன். என்னைப் போன்ற ஆள் எதைப் பார்த்து முடிவு செய்வது? அல்லது அதே பணத்துக்குப் புதிதே வாங்கிவிடலாமா?

---

சும்மா வந்தவன்:

ஸ்ட்ராடிவாரியஸ், 22 ஆயிரத்துக்கா! உடனே வாங்கி லண்டனில் ஏலம் விடுங்க அண்ணாச்சி, வருகிற காசில் அம்பாசமுத்திரத்தையே கிரயம் பண்ணிரலாம்.

விளையாட்டு போகட்டும். பில்லோடு புதிது வாங்குங்க. பழசில் தலைவலி அதிகம்.

---

கல்லிடை பிடில்:

தம்பி, மேலே சொன்னவர் சிரிக்கிறது நியாயம்தான். ஆனால் அந்த வயலினைப் பார்க்காமலே விட வேண்டாம். நான் பஜனை, ஹரிகதை, கல்யாணக் கச்சேரி என்று பக்கவாத்தியம் வாசித்தே வயசானவன். நம் ஜில்லாவின் மிஷன் ஊர்களிலிருந்து வந்த இந்த மாதிரிப் பெட்டிகளை நிறையவே திறந்து பார்த்திருக்கிறேன்.

சீட்டை முதலில் முடித்துவிடுவோம். நிஜ ஸ்ட்ராடிவாரி 1737-இல் கிரெமோனாவில் இறந்துபோனார். அவர் மாதிரியில் செய்தது என்று காட்ட அவர் பெயரை அச்சடித்து ஒட்டுவது பத்தொன்பதாம் நூற்றாண்டில் சர்வ சாதாரணம். ஜெர்மனியில் மார்க்நாய்கிர்ஷன், எல்லைக்கு அந்தப் பக்கம் பொகீமியாவில் ஷோன்பாக் என்று ஊர்கள். கல்லிடைக்குறிச்சியில் வீட்டுக்கு வீடு அப்பளம் இட்டது மாதிரி அங்கே வீட்டுக்கு வீடு வயலின் வேலை. ஒரு வீட்டில் சுருள் தலை மட்டும் செதுக்குவார்கள், இன்னொரு வீட்டில் பலகை குடைவார்கள், கடைசியில் வியாபாரி சேர்த்துப் பெட்டியில் போட்டு அனுப்புவார். அமெரிக்காவில் 1890-இல் ஒரு சட்டம் வந்தது. எந்த நாட்டுச் சரக்கு என்று அதன் மேலேயே எழுதியிருக்க வேண்டும் என்று. அதனால் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் 'ஜெர்மனி' என்று இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. 'செக்கோஸ்லோவாகியா' என்றிருந்தால் 1918-க்குப் பிறகுதான், அந்த நாடே அப்போதுதான் பிறந்தது. இந்த வகையில் அருமையான வயலினும் உண்டு, அடுப்புக்குக்கூட ஆகாததும் உண்டு. சீட்டைப் படித்து அது தெரியாது.

போகும்போது போன் டார்ச், டேப், முப்பது சென்டிமீட்டர் இரும்பு ஸ்கேல், ஒரு பத்து ரூபாய்க் காசு, மகளுடைய வில், ரோசின் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். காசு எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

வயலினைக் கையில் வாங்கியதும் வாசிக்கச் சொல்லாதீர்கள். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பின்பலகையைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். மேப்பிள் மரத்தில் புலிக்கோடு மாதிரி வரி ஓடும். நிஜ வரியாக இருந்தால், சாய்க்கச் சாய்க்க வெளிச்சமான கோடு இருட்டாகும், இருட்டானது வெளிச்சமாகும். வர்ணத்தில் வரைந்த வரி எப்படித் திருப்பினாலும் அசையாமல் கிடக்கும். அதே மாதிரி பலகையின் விளிம்பைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறதே, அது நல்ல வயலினில் கோடே இல்லை. கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று மூன்று மெல்லிய மரச் சீவல்களைப் பள்ளம் வெட்டிப் பதித்தது. ஓரத்தில் விழுகிற விரிசல் உள்ளே ஓடாமல் தடுக்கிறதும் அதுதான். மட்ட வேலையில் பேனாவால் இழுத்திருப்பார்கள். தேய்ந்த இடத்தில் பாருங்கள், மரம் தெரிகிறதா, மை போயிருக்கிறதா என்று.

அடுத்தது விரிசல். இதில் அவசரமே கூடாது. மேல்பலகை ஸ்புரூஸ் மரம், நெடுக ரேகை ஓடும், ரேகையையும் விரிசலையும் குழப்பிக்கொள்ளலாம். டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடித்தால் விரிசல் மட்டும் நிழல் போடும். மேல்பலகையில் எஃப் எழுத்து வடிவில் வெட்டிய இரண்டு துளை இருக்கும். அந்த எஃப் துளையின் ஓரத்தில், கீழ் விளிம்பில் சின்னதாக ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, ஒட்டி அடக்கிவிடலாம். பயப்பட வேண்டியது ஒரே இடம். தந்திகளைத் தாங்கி நிற்கிற மரத்துண்டான பிரிட்ஜுக்கு இரண்டு கால். மெல்லிய தந்தி இருக்கிற பக்கத்துக் காலுக்குச் சற்றே பின்னால், உள்ளே ஒரு சின்னக் குச்சி இரண்டு பலகைக்கும் நடுவே நிற்கும். அதுதான் சவுண்ட் போஸ்ட். ஒட்டாமல், இறுக்கத்தில் மட்டுமே நிற்கிற குச்சி. தந்தி அழுத்துகிற பாரத்தை அது அப்படியே பின்பலகைக்கு இறக்குகிறது. அந்த இடத்தில் மேல்பலகையில் விரிசல் என்றால் விலை பாதியாக விழ வேண்டும். பின்பலகையில் அதே இடத்தில் கோடு என்றால், கொடுத்த காபியைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பிவிடுங்கள். பலகையைப் பிரித்து உள்ளே குடைந்து ஒட்டுப் போடுகிற செலவில் இன்னொரு வயலினே வந்துவிடும்.

பிறகு விரல் முட்டியால் விளிம்பைச் சுற்றி மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். எங்கும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சளசளவென்று உலர்ந்த சத்தம் வந்தால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. அது வியாதி இல்லை. வயலினை வச்சிரத்தால்தான், அதாவது மாட்டுத் தோல் காய்ச்சிய பசையால்தான், ஒட்டுவார்கள். நம் ஊர் கோடை வெயிலில் பலகை சுருங்கும்போது மரம் பிளக்காமல் ஒட்டு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். திரும்ப ஒட்டுவது சின்ன வேலை. ஆனால் யாராவது உள்ளூர் ஆசாரியைக் கூப்பிட்டு ஃபெவிகாலோ அரால்டைட்டோ போட்டு ஒட்டியிருந்தால் சங்கடம். அடுத்த தடவை திறக்கும்போது பசை விடாது, மரம்தான் பிய்ந்துவரும். விளிம்பில் வெள்ளையாகவோ கண்ணாடி மாதிரியோ பசை வழிந்து காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எஃப் துளை வழியாக டார்ச் அடித்து, மற்றத் துளையில் போன் கேமராவை வைத்துப் படமெடுங்கள். தடித்த தந்திப் பக்கத்தில் மேல்பலகையின் அடியில் நீளமாக ஒரு மரச்சட்டம் தெரியும், பாஸ் பார். அது தனியாக வெட்டி ஒட்டியதாக இருக்க வேண்டும். மலிவு வயலினில் பலகையைக் குடையும்போதே கொஞ்சம் மரத்தை விட்டுவைத்து அதையே சட்டம் என்பார்கள். மூலைகளில் முட்டுக்கட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். மாவு மாதிரித் தூள், குண்டூசித் துளைகள் தெரிந்தால் உளுத்திருக்கிறது. அதை வீட்டுக்கே கொண்டுவராதீர்கள்.

இப்போது காசு. ஸ்கேலைத் தட்டையாகப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிற்கும்படி நீளவாக்கில் பிடித்து, நடுவிலுள்ள இரண்டு தந்திகளுக்கு இடையே விரல்பலகையின் மேல் படிய வைத்து, பிரிட்ஜில் முட்டும்வரை தள்ளுங்கள். ஸ்கேலின் அடிவிளிம்பு பிரிட்ஜைத் தொடுகிற இடம் மேல்பலகையிலிருந்து 27 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பத்து ரூபாய்க் காசின் குறுக்களவும் 27 மில்லிமீட்டர். பிரிட்ஜ் பக்கத்தில் காசை நிறுத்திப் பிடித்தால் தலை ஸ்கேலுக்குத் தட்ட வேண்டும். (நம் ஊர்க் கடைகளில் இந்தக் காசை வாங்கமாட்டேன் என்பான். இதற்காவது உபயோகப்படட்டும்.) ஸ்கேல் காசுக்கு ரொம்பக் கீழே போனால் கழுத்து முன்னால் இறங்கிவிட்டது. அதைக் கழற்றித் திரும்பப் பதிப்பது பெரிய வேலை.

டேப்பால் பின்பலகையை அளந்தால், மேலே கழுத்தோடு சேர்கிற பொத்தானை விட்டுவிட்டு, 355 மில்லிமீட்டர் வர வேண்டும், பழைய கணக்கில் 14 அங்குலம். அப்போதுதான் முழு சைஸ். விரல்பலகையில் தந்திக்கு அடியில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விரல் ஓட்டிப் பாருங்கள். நாம் விரலை இழுத்து இழுத்து வாசிக்கிறவர்கள், பள்ளத்தில் கமகம் இடறும். பிரடை (தந்தியை முறுக்குகிற ஆணி) வழுக்குகிறது, இறுகுகிறது என்பதையெல்லாம் குறையாக எடுக்காதீர்கள். சித்திரையில் வழுக்குகிற பிரடை குற்றாலச் சாரல் அடிக்கும்போது தானாக இறுகும்.

கடைசியில்தான் நாதம். மொசைக் தரை போட்ட வெறும் முன்னறையில் எந்தப் பிடிலும் கம்பீரமாகத்தான் கேட்கும். திண்ணைக்கோ மரத்தடிக்கோ கொண்டுபோங்கள். அவர்கள் வெள்ளைக்காரர் முறைப்படி ஜி, டி, ஏ, இ என்று சேர்த்திருப்பார்கள். உங்கள் மகளுக்குச் சுருதி 5 கட்டை, அதாவது ஜி, என்றால் ஜி, டி, ஜி, டி வேண்டும். மேல் தந்திகள் இரண்டையும் ஒரு முழுச் சுரம் இறக்கிவிட்டுத்தான் கேட்க வேண்டும். இறுக்கத்தில் பளிச்சென்று கேட்ட தந்தி தளர்ந்ததும் மந்தமாகிவிடுவது உண்டு. தெரிந்தவர் யாராவது வாசித்தால் நீங்கள் பத்தடி தள்ளி நில்லுங்கள். வாசிக்கிறவர் காதுக்குக் கரகரப்பது தூரத்தில் இனிக்கும், காதுக்கு இனிப்பது நாலாவது வரிசைக்கு எட்டாமல் போகும். ஒரு தந்தியிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது ஆளே மாறினாற்போல் குரல் மாறக் கூடாது. தோடி ராகத்தில் காந்தாரத்தை விளம்ப காலத்தில், வில்லை அழுத்தாமல் வாசிக்கச் சொல்லுங்கள். அந்த அசைவில் நாதம் அறுந்து அறுந்து வந்தால் எனக்குப் பிடிக்காது. தடித்த தந்தியில் மேலே ஏறும்போது ஓரிடத்தில் உறுமலாம். அது பல நல்ல வயலினிலும் உண்டு.

ஆனால் ஒன்று. வருஷக்கணக்கில் கிடந்த வயலினில் தந்தி செத்திருக்கும், போஸ்ட் நகர்ந்திருக்கும். நாதம் மந்தமாக இருப்பதற்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். போஸ்ட்டை அரை மில்லிமீட்டர் நகர்த்தினாலே குரல் மாறும். மரமும் கழுத்தும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சில ஆயிரத்தில் முடிகிற வேலை. அந்தச் செலவும் உங்கள் தலையில்தான் என்பதால் 22 அதிகம். நானானால் 15-இல் ஆரம்பிப்பேன்.

வெள்ளைக்காரர் முறையில் வாசித்த வயலின் நமக்குச் சரிவருமா என்ற யோசனையே வேண்டாம். நம் சங்கீதத்துக்குப் பிடிலைக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பாலுஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்காரரிடம்தான் கற்றுக்கொண்டார். பிறகு நம் எட்டயபுரம் அரண்மனையில் வித்வானாக இருந்தார்.

---

பாளை கொயர்:

கல்லிடை சார் எழுதியது எல்லாம் சரி. நான் பாளையங்கோட்டையில் சர்ச்சில் வாசிக்கிறவள் என்பதால் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

வில்லைப் பற்றி அவர் சொல்லவில்லை. மூடிக் கிடந்த பெட்டியில் ஒரு வகைப் பூச்சிப் புழு வந்து வில்லின் முடியைத் தின்னும். முடி ஒரு பக்கமாக அறுந்து தொங்கினால் அதுதான் காரணம். பெட்டியின் துணியை நன்றாகத் தட்டி, ஒரு நாள் வெயிலில் திறந்து போடுங்கள் (வயலினை வெளியே எடுத்துவிட்டு!). வில்லைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் குச்சி பக்கவாட்டில் வளைந்திருக்கிறதா என்று தெரியும். வளைந்திருந்தால் வில்லுக்குத் தனியாக விலை போடாதீர்கள். தாத்தா நல்ல வில் வைத்திருந்தால், சில சமயம் வயலினைவிட அதுதான் விசேஷம்.

இன்னொன்று, 5 கட்டைக்கு இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு அவ்வளவு சம்மதமில்லை. முதலில் அது பழகிய ஜி, டி, ஏ, இ-யிலேயே கேளுங்கள். பிரிட்ஜும் போஸ்ட்டும் அந்த இறுக்கத்துக்கு வைத்தவை. அங்கேயே சோர்ந்திருந்தால் இறக்கினாலும் தேறாது.

அப்புறம் அண்ணே, விரிசல் கண்ணில் பட்டாலும் அங்கேயே சத்தமாகச் சொல்லாதீர்கள். அந்த வீட்டில் தாத்தா போட்டோ மாலையோடு மாட்டியிருக்கும். அதன் கீழே நின்றுகொண்டு "உளுத்துப் போச்சு" என்றால் பேரமே நடக்காது.

---

அம்பை அப்பா:

போய்விட்டு வந்தேன். எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன மாதிரியே போட்டோ இருந்தது, வாயை மூடிக்கொண்டே பார்த்தேன்.

சீட்டின் அடியில் பொடி எழுத்தில் 'மேட் இன் செக்கோஸ்லோவாகியா'. மகனிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பாவமாக இருந்தது. பின்பலகை வரி சாய்க்கும்போது மாறுகிறது. விளிம்புக் கோடு பதித்ததுதான், ஓரம் தேய்ந்த இடத்தில் மூன்று சீவலும் தெரிகிறது. இடது எஃப் துளை ஓரத்தில் ஒன்றரை அங்குலம் விரிசல். பின்பலகை சுத்தம். வலது கீழ்ப் பக்கம் தட்டினால் சளசளக்கிறது. பாஸ் பார் ஒட்டியதுதான் என்று படத்தில் தெரிகிறது. நீளம் 355.

ஆனால் நாதம் கேட்க முடியவில்லை. பிரிட்ஜ் சாய்ந்து கிடந்தது, உள்ளே போஸ்ட் விழுந்து உருளுகிறது. பிரிட்ஜைக் கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு காசு வைத்துப் பார்த்தேன். ஸ்கேல் காசின் தலைக்கு ஒரு நூல் கீழே நிற்கிறது, அதாவது 24 மில்லிமீட்டர் இருக்கும். வில் வளைந்திருக்கிறது. விலை 16-க்கு இறங்கிவிட்டார்கள். ரிப்பேர் பண்ணி வாசித்துப் பார்த்துப் பிடித்தால் மீதி தாருங்கள் என்று சொல்லி, 3 ஆயிரம் வாங்கிக்கொண்டு வயலினைக் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

ஒரு நூல் இறக்கம் ஆபத்தா?

---

கல்லிடை பிடில்:

நல்ல மனுஷர்கள். பிடிக்காவிட்டால் அந்த 3 ஆயிரம் திரும்பி வருமா, ரிப்பேர் செலவு யாருடையது என்று மட்டும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் மனஸ்தாபம் வராது.

ஒரு நூல் இறக்கம் எல்லைக்கோட்டில் நிற்கிறது. மேற்கத்திய சுருதிக்கு என்றால் யோசிக்கச் சொல்வேன். நாம் தளர்த்தித்தான் சேர்க்கிறோம், பாரம் குறைவு. கழுத்தைக் கழற்ற வேண்டாம். விரல்பலகையை மட்டும் எடுத்து அடியில் ஆப்பு மாதிரி ஒரு சீவல் வைத்து ஒட்டினால் ஏறிவிடும். அதைச் செய்யாமல் பிரிட்ஜைத் தாழ்வாக வெட்டிச் சமாளிக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், நாதம் மெலிந்துபோகும்.

நீங்கள் சொல்லாதது ஒன்று. போஸ்ட் விழுந்து கிடந்தபோது தந்திகள் இறுக்கமாக இருந்தனவா, தளர்ந்தா? இறுக்கமாகவே வருஷக்கணக்கில் இருந்திருந்தால் மேல்பலகை உள்வாங்கியிருக்கலாம். எஃப் துளைகளுக்கு நடுவே ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். பலகை நடுவில் மேடாக இருக்க வேண்டும், பள்ளமாக இருக்கக் கூடாது.

---

அம்பை அப்பா:

தந்தி நாலும் தொளதொளவென்றுதான் கிடந்தது, ஒன்று அறுந்தே போயிருக்கிறது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், மேடாகத்தான் இருக்கிறது.

---

கல்லிடை பிடில்:

அப்படியானால் தைரியமாக ரிப்பேருக்குக் கொடுங்கள். ஒட்டு, விரிசல், ஆப்பு, போஸ்ட், புது பிரிட்ஜ், இந்த வரிசையில் நடக்கட்டும். தந்தி புதிதாகப் போடச் சொல்லுங்கள். வந்ததும் ஒரேயடியாகச் சுருதிக்கு ஏற்றாமல் ஓரிரு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஏற்ற ஏற்ற பிரிட்ஜின் தலை விரல்பலகைப் பக்கம் சாயும், ஒவ்வொரு தடவையும் நிமிர்த்திவிட வேண்டும். இனிமேல் தந்தி மாற்றும்போது ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்ததைத் தொடுங்கள், நாலையும் சேர்த்துக் கழற்றினால் போஸ்ட் மறுபடி விழும்.

ஒரு வாரம் மகள் வாசித்த பிறகு டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். டீச்சருடைய வயலினையும் இதையும் ஒரே வில்லால் ஒரே வர்ணம் வாசிக்கச் சொல்லி, மகளைத் திரும்பி உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். எது எது என்று சொல்லவேண்டாம். பாளை அம்மா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, ஜி, டி, ஏ, இ-யிலும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

ரிப்பேர்காரரிடம் பழைய பிரிட்ஜைத் தூக்கிப் போடாமல் திருப்பித் தரச் சொல்லுங்கள். புதிதை வெட்டும்போது வளைவுக்கும் கால் அகலத்துக்கும் அளவு பார்க்க அது வேண்டும்.